ரீபில்ட்னா என்னங்க?

துவாக்குடி ஹாஸ்டல்ல, ஒரே போன்ல ஆறு பேர் முட்டிக்கிட்டு சென்னையின் எஃப்சி மேட்ச் பார்ப்போம். 2018 மார்ச்ல பெங்களூரை அவங்க ஊர்லயே 3-2ன்னு ஜெயிச்சு சாம்பியன். அடுத்த சீசன்? 18 மேட்ச்ல ரெண்டே வெற்றி, கடைசி இடம். கேப்டன் செரேனோ போயிட்டார். நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ் காயத்தால வெளியே. "ரீபில்ட் நடக்குதுடா"ன்னு எங்களை நாங்களே தேத்திக்கிட்டோம்.

2019ல வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ வந்தாங்க. சீசன் நடுவுல கோச்சா ஓவன் காயில். நேரா ஃபைனல்! ஏடிகேகிட்ட 3-1ன்னு தோத்தாலும், டீம் ரெடின்னு நம்பினேன். சில மாசத்துலயே காயிலும், 15 கோல் அடிச்ச வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் போயிட்டாங்க. மறுபடி முதல்ல இருந்து. அப்போதான் உறைச்சது, நான் ரீபில்ட்னு நினைச்சது வெறும் ஷாப்பிங்.

அதே டீம்ல அனிருத் தாபா இருந்தார். 2016ல 18 வயசுப் பையனா வந்து, கேப்டனாகி, 2023 வரைக்கும் ஆடினார். கடைசி இடத்துலயும் இருந்தார், ஃபைனல்லயும் இருந்தார். கட்டுறதுன்னா அதைத்தான் சொல்லணும். இப்பல்லாம் புது பிளேயர் நியூஸ் வந்தா, பேருக்கு முன்னாடி எத்தனை வருஷ கான்ட்ராக்ட்னுதான் தேடுறேன்.