கம்பித் திரைக்குப் பின் எழுந்த குரல்



பாடுவது ஒரு குரல். உடன் செல்வன நரம்புக் கருவிகள். இவ்வமைப்பு நமக்குப் புதியதன்று. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் (1786–1858) சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில் மேனாட்டுப் பிடிலைக் கற்று, அதனை நம் இசைக்கு உரியதாக்கினார். அப்பிடில் தன் தாயகத்தில் மனிதக் குரலோடு எவ்வாறு உறவாடிற்று என்பதற்குத் தக்க சான்று, வெனிஸ் நகரத்து அந்தோணியோ விவால்டி (1678–1741) இயற்றிய ‘நுல்லா இன் முந்தோ பாக்ஸ் சின்செரா’ என்னும் இலத்தீன் பக்திப் பாடல். இவ்வுலகில் கலப்பற்ற அமைதி இல்லை என்பதே அதன் கருத்து.

பெண்குரல்களில் மிக உயர்ந்ததாகிய சொப்ரானோ ஒன்று, இரு பிரிவாகப் பிடில்கள், வயோலா, ஆதாரமாகக் கீழ்ச்சுருதிக் கருவிகள். இவ்வளவே கூட்டம். பாடல் நான்கு பகுதிகளை உடையது. முதற்பகுதி தாலாட்டைப் போல அசைந்து செல்வது. நம் சங்கராபரணத்தின் சுரங்களே அதற்கும் அடிப்படை. அடுத்தது தாளக்கட்டுத் தளர்ந்து, பேச்சை ஒட்டி நடப்பது. நம் விருத்தத்தை ஒருவாறு நினைவூட்டும். மூன்றாவது விரைவு நடை. மலரிடையே மறைந்திருக்கும் பாம்பின் நஞ்சைத் தேனென மயங்கும் மாந்தரைக் குறித்தது. இறுதியில் ‘அல்லேலூயா’ என்னும் ஒரே சொல், நம் பிருகாக்களைப் போன்ற விரைந்த சுரக் கோவைகளாக விரிகின்றது.

இத்தகைய இசை வளர்ந்த இடம் யாது? வெனிஸில் ஆதரவற்றோரைப் பேணிய பெரிய விடுதிகள் நான்கு இருந்தன. அவற்றுள் ‘பியேத்தா’ என்பது, பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த இல்லம். 1703ஆம் ஆண்டில் விவால்டி அங்கே பிடில் ஆசிரியராக அமர்ந்தார். திறனுள்ள சிறுமியர்க்கு அங்கே குரலிசையும் கருவியிசையும் முறையாகக் கற்பிக்கப்பட்டன. கோயில் மாடத்தில், கம்பித் திரைக்குப் பின் நின்று அவர்கள் பாடினர். பல நாட்டவரும் வந்து கேட்டனர். வெனிஸில் அவ்வாறு கேட்டவருள் ஒருவர் ஜெனீவாவில் பிறந்த அறிஞர் ரூசோ. திரைக்குப் பின் அழகியரையே கற்பனை செய்திருந்த அவர், பின்னர் நேரில் கண்டபோது ஒருத்தி ஒரு கண்ணிழந்தும், மற்றொருத்தி அம்மைத் தழும்புற்றும் இருந்ததை எழுதியுள்ளார். ஆயினும் அவர்களுடைய இசையின்மேல் அவர் கொண்ட காதல் குறையவில்லை.

விவால்டியின் புகழ் அவருக்குப் பின் மங்கிற்று. அவருடைய கையெழுத்துப் படிகளின் பெருந்தொகுதிகள் 1927லும் 1930லுமே தூரின் நகர நூலகத்தை அடைந்தன. ஏடுகள் மீண்டதால் இசையும் மீண்டது. நம் சாமிநாதையரின் ஏட்டுத் தேட்டத்தை அறிந்த தமிழர்க்கு இதன் அருமையைக் கூற வேண்டுவதில்லை.

ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். உயர்ந்த கலை, கைவிடப்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிக்கப்பட்டது. அவர்களும் அதன் உச்சியைத் தொட்டனர். ஆனால் அவர்களுள் பலருக்குக் குடும்பப் பெயரும் இல்லை; பாடிய கருவியின் பெயரே அடைமொழியாயிற்று. நம் பொத்தேரியிலும் கூடுவாஞ்சேரியிலும் ஏழைப் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளில், பாட்டு வகுப்பு மீதி நேரத்துக்கு உரிய ஒன்றாக இருத்தலாகாது. அவர்கள் கற்கட்டும், தம் பெயரோடு, திரையின்றிப் பாடட்டும்.