இல்லத்திற்கு ஏற்ற கணினி எது?



பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேன்பதி ஆகிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், மூணாறு, பீருமேடு, வண்டிப்பெரியாறு ஆகிய மலையூர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது இப்பகுதிகள் கேரளத்தைச் சேர்ந்தன. ஆட்சி எல்லை மாறினாலும் வீட்டு மொழி மாறவில்லை. பல பள்ளிகளில் பாட மொழியும் தமிழாகவே நிலைத்திருக்கிறது. இவ்வீடுகளில் இன்று பெற்றோர் எழுப்பும் ஒரு கேள்வியையே இப்பேச்சில் ஆராய முற்படுகிறோம். பிள்ளைகளின் படிப்புக்காகக் கணினி ஒன்று வாங்க வேண்டும். திரையும் பெட்டியும் ஒன்றாக அமைந்த, கடைக்காரர்கள் ‘ஆல்-இன்-ஒன்’ என்று கூறும் மேசைக் கணினி நமக்குத் தகுமா? மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் சிறு வீடுகளில் வாழும் தமிழர்க்கும் இக்கேள்வி பொதுவானதே.

இது ஆடம்பரத்தைப் பற்றிய கேள்வி அன்று. 2020-ஆம் ஆண்டு சூன் முதல் நாள் கேரளப் பள்ளி மாணவர்க்கு இல்லத்திலிருந்தே பயிலும் வகுப்புகள் தொடங்கின. தமிழ்வழி மாணவர்க்கும் பாடங்கள் வழங்கப்பட்டன. கைப்பேசியின் சிறு திரையில் பாடம் கேட்கலாம். கட்டுரை எழுதவும் கணக்கிட்டுப் பழகவும் அது போதாது என்பதைப் பல வீடுகள் அப்போது உணர்ந்தன. தாயோ தந்தையோ வேலைக்குச் செல்லும்போது அக்கைப்பேசியும் உடன் சென்றுவிடும். ஆகவே கணினி வேண்டும். ஆனால் தோட்டத் தொழிலாளர் குடும்பத்திற்கு அதன் விலை சில மாத ஊதியமாகும். பெரும்பாலும் தவணையிலேயே வாங்குகிறார்கள். தவணை முடிவதற்கு முன் கருவியின் ஆயுள் முடிந்துவிடலாகாது. இதனையே நமது உரைகல்லாகக் கொள்வோம்.

முதலில் இக்கருவியின் அமைப்பை நோக்குவோம். சாதாரண மேசைக் கணினியில் திரை தனி, செயலியும் நினைவகமும் அடங்கிய பெட்டி தனி. ஒருங்கிணைந்த கணினியில் இவை யாவும் திரையின் முதுகுப்புறத்தில் அடக்கப்பட்டுள்ளன. ஒலிபெருக்கியும் படக்கருவியும் பெரும்பாலும் அதனுள்ளேயே இருக்கும். வெளியே இருப்பவை விசைப்பலகையும் சுட்டியும் ஒரு மின்கம்பியுமே. இவ்வமைப்புப் புதியதன்று, 1998-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐமேக் கணினி இதனை உலகெங்கும் பரவலாக்கியது.

இதன் நன்மைகள் மெய்யானவை. தேயிலைத் தோட்ட லயங்களில் உறங்குவதும் உண்பதும் பயில்வதும் ஏறத்தாழ ஒரே அறையில்தான். அங்கே ஒரு சிறு மேசையில் இக்கணினி அடங்கிவிடும். காலில் சிக்கும் கம்பிகள் குறைவு. இருபத்து நான்கு அங்குலத் திரையை இரு பிள்ளைகள் அருகமர்ந்து பார்க்கலாம். மடிக்கணினியின் பதினைந்து அங்குலத்தில் அது எளிதன்று. இவ்வகைக் கணினிகள் பலவற்றில் மடிக்கணினிக்குரிய செயலியே பொருத்தப்படுவதால் மின்செலவும் மிகுவதில்லை.

இனிக் குறைகளைக் காண்போம். வால்வு வானொலிப் பெட்டிகளின் காலத்தை நேயர்களில் மூத்தோர் நினைவுகூரலாம். அவையும் ஒரே பெட்டியில் யாவும் அடங்கியவைதாம். ஆயினும் ஒரு வால்வு கெட்டால் அதனை மட்டும் கழற்றி, வேறொன்றைப் பொருத்திவிடலாம்; சிற்றூர்க் கம்மியரும் அதனைச் செய்தார். ஒன்றாக இருப்பது குற்றமன்று. திறந்து பழுது நீக்க இயலாமையே குற்றம். ஒருங்கிணைந்த கணினியில் திரை பழுதுற்றால் கணினி முழுவதும் பணிமனைக்குச் செல்ல வேண்டும். உள்ளே தாய்ப்பலகை பழுதுற்றால் நல்ல திரையும் பயனற்றுப்போகும். தாய்ப்பலகை அந்தந்த மாதிரிக்கென்றே வார்க்கப்பட்டது. வேறொன்று அதற்குப் பொருந்தாது. கொழிஞ்சாம்பாறையினருக்குக் கோயம்புத்தூர் அருகில் உள்ளது. மூணாற்றிலிருந்து கொச்சிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் மலைப்பாதை. திரையுடன் கூடிய கருவியைப் பேருந்தில் ஏற்றிச் சென்று, வாரக்கணக்கில் காத்திருந்து, மீண்டும் கொணர்வது எளிதோ? அந்த வாரங்கள் தேர்வுக் காலமாக அமைந்துவிட்டால், இழப்பு பணத்தோடு நிற்காது.

ஆதலின் வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள் சில உள. உத்தரவாதம் வீட்டிற்கே வந்து பழுது நீக்குவதா, நாமே கொண்டுசெல்ல வேண்டியதா? வீட்டிற்கு வருவதாயின், நம் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கும் அது பொருந்துமா? இதனை வாய்ச்சொல்லாக அன்றி எழுத்தில் பெறவேண்டும். நினைவகத்தைப் பின்னர் கூட்ட இயலுமா, அல்லது பலகையோடு பற்றவைக்கப்பட்டுவிட்டதா? இன்றைய நிலையில் 8 ஜிபி நினைவகம் குறைந்த அளவு. 16 ஜிபி இருப்பின் ஆண்டுகள் சில கூடுதலாக உழைக்கும். சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் உள்ளதா? இறுதியாக, வெளியிலிருந்து காட்சியைப் பெறும் எச்.டி.எம்.ஐ. உள்ளீடு உண்டா? சில மாதிரிகளில் மட்டுமே இது காணப்படும். இது இருந்தால், உள்ளிருக்கும் கணினி செயலிழந்த பின்னும் அத்திரையை வேறொரு சிறு கணினியுடன் இணைத்துப் பயன்படுத்தலாம். கணினி போனாலும் திரை எஞ்சும்.

அடுத்து மின்சாரத்தைக் கருதுவோம். மடிக்கணினியில் மின்கலம் உண்டு. ஒருங்கிணைந்த கணினியில் பெரும்பாலும் இல்லை. மின்சாரம் நின்ற கணமே, சேமிக்காமல் எழுதியது அழியக்கூடும். எனவே யூ.பி.எஸ். கருவியின் விலையையும் கணினி விலையோடு சேர்த்தே எண்ணவேண்டும். மின்னேற்பி வெளியே தனியாக அமைந்த மாதிரியே சிறந்தது. மின்னழுத்தக் கோளாறு நேர்ந்தால் பல சமயம் அவ்வேற்பி மட்டுமே பழுதாகும், அதனை மாற்றிக்கொள்ளலாம். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அதன்மேல் அச்சிட்டிருத்தல் வேண்டும்.

மலைப்பகுதியில் இடியும் மின்னலும் கணினிக்குப் பெரும்பகை. கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. அவ்வேளையில் விசையை நிறுத்தினால் மட்டும் போதாது. இடி தொடங்குமுன்பே மின்கம்பியையும் இணையக் கம்பியையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். அருகில் விழும் மின்னலை எந்தத் தடுப்பானும் முற்றிலும் தாங்காது. மழைக்காலத்தில் ஈரச் சுவரை ஒட்டிக் கணினியை வைக்கலாகாது. நாள்தோறும் சிறிது நேரமேனும் இயக்கினால் உள்ளே ஈரம் தங்காது. பாலக்காட்டு வெளியில் நிலைமை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்த இடைவெளி வழியே கீழைக்காற்று புழுதியைக் கொணரும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. ஒருங்கிணைந்த கணினியின் காற்றுத் துளைகள் குறுகியவை. ஆகவே பின்புறம் ஒரு சாண் இடைவெளி விடுவதும், துளைகளில் படியும் தூசியை அவ்வப்போது மெல்லிய தூரிகையால் நீக்குவதும் இன்றியமையாதன.

தமிழர்க்கு மற்றுமொரு சோதனை உண்டு. கடையிலேயே அக்கணினியில் தமிழில் ஒரு வரி தட்டெழுதிப் பார்க்கவேண்டும். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் ‘தமிழ்99’ விசைப்பலகை உருவாயிற்று. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. சில நாட்பயிற்சியில் பிள்ளைகள் விரைந்து எழுதுவர். கேரளப் பள்ளிகளில் வழங்கும் லினக்ஸ் இயங்குதளத்திலும் இவ்வமைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வியங்குதளம் விலையின்றிக் கிடைப்பது. பள்ளியில் பயின்றதையே வீட்டிலும் பயில அது துணைசெய்யும். தமிழில் எழுதும் ஆற்றல் பள்ளியோடு முடிவதன்று. கேரளத்தில் 1969-இல் இயற்றப்பட்ட ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுத வகைசெய்தது. ஏட்டில் உள்ள உரிமை, எழுதத் தெரிந்தவரிடமே உயிர்பெறும். குடும்ப அட்டை, நிலவரி, ஓய்வூதியம் பற்றிய விண்ணப்பத்தைப் பிள்ளையே தமிழில் தட்டெழுதித் தரும் வீட்டில் அக்கணினியின் மதிப்பு விலையைக் கடந்துவிடுகிறது.

பழைய கருவிகளைக் குறித்தும் ஒரு சொல். அலுவலகங்கள் கழித்த ஒருங்கிணைந்த கணினிகள் மலிவாக விற்கப்படுகின்றன. ஆனால் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11 பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. அத்தகைய கணினியை வாங்குவோர் லினக்ஸ் இட்டுப் பயன்படுத்தும் எண்ணத்துடனேயே வாங்குதல் நன்று.

முடிவாக நாம் கூறுவது இது. இடம் மிகக் குறுகிய லயத்து வீட்டில், இரண்டு மூன்று பிள்ளைகள் பயிலும் குடும்பத்திற்கு ஒருங்கிணைந்த கணினி தகும். வீடு தேடிவரும் உத்தரவாதம், வெளியமைந்த மின்னேற்பி, வெளிக்காட்சி உள்ளீடு ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். சித்தூர் வட்டத்தில் இடவசதியுள்ள வேளாண் குடும்பங்களுக்குத் திரையும் பெட்டியும் தனித்தனியான கணினியே மேல். பழுதான உறுப்பை மட்டும் மாற்றி, பத்தாண்டுகூட உழைக்கச் செய்யலாம். கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ விடுதியில் தங்கிப் படிக்கச் செல்லவிருக்கும் மாணவர்க்கு மடிக்கணினியே பொருத்தம்.

வெளிமாநிலங்களில் பொருளீட்டி, ஊரிலுள்ள பெற்றோர்க்கும் தம்பி தங்கையர்க்கும் கணினி வாங்கித் தர விழையும் நேயர்கள் பலர் இருப்பீர்கள். விழாக்காலத் தள்ளுபடியில் ஒன்றைத் தேர்ந்து அனுப்புவதற்கு முன், ஊருக்கு ஒரு முறை தொலைபேசியில் பேசுங்கள். வீட்டில் எங்கே வைப்பார்கள், நிலத்தொடர்புடன் கூடிய மின்துளை உண்டா, பழுதானால் யார் வருவார்கள் என்று கேளுங்கள். அவ்விடைகளைக் கொண்டு தேர்ந்தெடுக்கும் கணினி, கடைசித் தவணை செலுத்திய பின்னரும் பிள்ளைகளின் மேசைமீது இயங்கிக்கொண்டிருக்கும்.