நட்சத்திர ஜாப்தாவும் விட்டுப்போன பிள்ளைகளும்



இன்று நாம் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். நட்சத்திரம் என்றதும் அஸ்வினி, பரணி என்று ஆரம்பித்துவிடுவோமோ என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. இது வானத்து நட்சத்திரமல்ல. அமெரிக்கா தேசத்தில் சில கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் போடுகிற நட்சத்திரம். 16, 17 வயதுப் பையன் ஒருவனுக்கு 5 நட்சத்திரம் போட்டுவிட்டால், பெரிய பெரிய சர்வகலாசாலைகளின் ஆட்கள் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். நட்சத்திரமே போடாவிட்டால் அவன் எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதும் அபூர்வம். இந்த நட்சத்திர ஜாப்தாவில் திறமைசாலிகள் விட்டுப் போகிறார்களா, போனால் ஏன் போகிறார்கள் என்பதே இன்றைய கேள்வி.

முதலில் சங்கதி இன்னதென்று தெரிந்து கொள்ள வேண்டும். அமெரிக்கர்கள் புட்பால் என்று சொல்லும் ஆட்டம் நம் ஊர்ப் பிள்ளைகள் காலால் உதைத்து ஆடும் ஆட்டமல்ல. இரு பக்கமும் கூம்பிய பந்து. அதைக் கையில் பிடித்து ஓடுவார்கள், எறிவார்கள். எதிர்க் கட்சியார் மோதி விழ வைப்பார்கள். அந்த நாட்டு ஹைஸ்கூல்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பையன்கள் இதை ஆடுகிறார்கள். அதில் கெட்டிக்காரனாகத் தென்படுகிறவனுக்குச் சர்வகலாசாலையார் உபகாரச் சம்பளம் கொடுத்து, படிப்பும் சாப்பாடும் ஜாகையும் தருகிறார்கள். அங்கிருந்து மிகச் சிலர் என்.எஃப்.எல். என்னும் தொழிலாட்டச் சங்கத்துக்குப் போய்க் கோடிக் கணக்கில் சம்பாதிக்கிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது விளையாட்டு மாத்திரமல்ல. காலேஜ் படிப்புக்கே இது ஒரு வாசல்.

இந்த வாசலில் காவல் நிற்பதுதான் ஜாப்தா. 247ஸ்போர்ட்ஸ், ஈ.எஸ்.பி.என். முதலிய ஸ்தாபனத்தார் பையன்களின் உயரம், எடை, ஓட்ட வேகம், ஆடிய படம் இவைகளைப் பார்த்து 2, 3, 4, 5 என்று நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 247ஸ்போர்ட்ஸ் கம்பெனி வருஷத்துக்குச் சுமார் 32 பேருக்கே 5 நட்சத்திரம் கொடுக்கிறது. ஏன் 32? தொழிலாட்டச் சங்கத்தில் 32 கோஷ்டிகள். வருஷந்தோறும் நடக்கும் தேர்வின் முதல் சுற்றில் 32 பேரை எடுப்பது வழக்கம். ஆகவே இந்தப் பையன் மூன்று நான்கு வருஷத்துக்குப் பின் அந்த 32 பேரில் ஒருவனாவான் என்று இன்றே சொல்லும் ஜோசியம் இது.

ஜோசியம் என்று சொன்னோம். ஆனாலும் நியாயம் பேச வேண்டுமல்லவா? ஜாதகக்காரன் பிறந்த நேரத்தை வைத்துக் கொண்டு கதை சொல்லுகிறான். இவர்களோ பையனைக் கண்ணால் பார்க்கிறார்கள், அளக்கிறார்கள். அதனால் இவர்கள் சொல்வது முழுப் புரட்டு என்று நாம் சொல்ல வரவில்லை. 5 நட்சத்திரக்காரன் தொழிலாட்டத்துக்குப் போகும் வாய்ப்பு 2 நட்சத்திரக்காரனுடையதைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மையே.

பின் எங்கே கோளாறு? தலை எண்ணிக்கையில் இருக்கிறது. விளங்குவதற்காக ஒரு கணக்குச் சொல்லுகிறோம். உச்சியில் 30 பேர்; அவர்களில் பாதிப் பேர் தேறினால் 15 பேர். கீழே 2000 பேர். அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் தேறினாலும் 100 பேர். ஜாப்தாக்காரன் 15 பேரைக் காட்டி, "பார்த்தீர்களா, எங்கள் வாக்கு பலித்தது" என்கிறான். அவன் சொன்னது சரி. ஆனால் அந்த 100 பேர் இன்னாரென்று அவனால் சொல்ல முடிந்ததா? தொழிலாட்டத்தில் இருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் 3 நட்சத்திரமும் அதற்குக் கீழுமாக வந்தவர்களே 5 நட்சத்திரக்காரர்களைவிட அதிகம். ஆகவே ஜாப்தா தேர்ந்தெடுத்ததில் ஓரளவு யோக்கியமானது. விட்டுவிட்டதில் மகா மோசமானது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

இதற்கு 2025-ம் வருஷத்துத் தேர்வே போதுமான அத்தாட்சி. அந்த வருஷம் முதலாவதாக எடுக்கப்பட்டவர் கேம் வார்ட். இரண்டாவதாக எடுக்கப்பட்டவர் டிராவிஸ் ஹண்டர். ஹண்டர் 2022-ல் ஹைஸ்கூலிலிருந்து வரும்போதே ஜாப்தாக்களின் உச்சியில் இருந்தவர். வார்டோ ஒரு நட்சத்திரமும் இல்லாதவர். அவருக்கு உபகாரச் சம்பளம் தருகிறோம் என்று சொன்னது இன்கார்னேட் வேர்ட் என்னும் சிறிய சர்வகலாசாலை ஒன்றே. ஜாப்தாவின் தலையில் இருந்தவருக்கும் ஜாப்தாவிலேயே இல்லாதவருக்கும் நடுவில் ஓர் ஆள்கூட இல்லை!

வார்ட் ஏன் கண்ணில் படவில்லை? அவர் டெக்ஸாஸ் மாகாணத்தில் வெஸ்ட் கொலம்பியா என்ற சிற்றூர்க்காரர். அவர் ஸ்தானம் பந்தை எறிகிறவனுடையது. அவர் பள்ளிக்கூடத்திலோ பந்தைக் கையில் வாங்கி ஓடுகிற பழைய முறையையே ஆடினார்கள். எறிகிற வேலையே கொஞ்சமாக இருக்கும் இடத்தில் எறிகிறவனின் திறமை எப்படித் தெரியும்? பாட்டுப் பாடச் சந்தர்ப்பம் கொடுக்காமல் ஒருவனை உட்கார வைத்துவிட்டு, இவனுக்குச் சாரீரம் இல்லை என்று எழுதி வைத்தது போலாயிற்று.

இப்படியே ஒவ்வொரு காரணமாகப் பார்க்கலாம். முதலாவது, வயது. பதினாறு வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவாக வளர்ந்துவிடுவதில்லை. ஆரோன் ராட்ஜர்ஸ் ஹைஸ்கூலில் குள்ளமாகவும் ஒல்லியாகவும் இருந்தார். பெரிய சர்வகலாசாலை ஒன்றும் அழைக்கவில்லை. 2002-ல் வீட்டுக்கு அருகில் பியூட் என்னும் இரண்டு வருஷக் காலேஜில் சேர்ந்தார். அங்கே கலிபோர்னியா சர்வகலாசாலையின் பயிற்சியாளர் வேறொரு பையனைப் பார்க்க வந்த இடத்தில் இவரைக் கண்டார். பின்னால் தொழிலாட்டத்தில் அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டத்தை நான்கு தடவை பெற்றவர் இவர்தான். அன்று அந்த வேறொரு பையன் இல்லாதிருந்தால்?

இரண்டாவது, இடம். நிருபர்களும் பயிற்சியாளர்களும் போவதெல்லாம் பெரிய பட்டணங்களுக்கும், பேர்போன பள்ளிகளுக்கும், காசு செலவழித்து வரக்கூடியவர்கள் கூடும் முகாம்களுக்கும். ஜோஷ் ஆலன் கலிபோர்னியாவில் ஃபயர்பா என்ற சிற்றூரில் குடியானவர் வீட்டுப் பிள்ளை. ஹைஸ்கூல் முடிந்தபோது பெரிய சர்வகலாசாலை ஒன்றும் அவரைக் கேட்கவில்லை. ரீட்லி என்ற இரண்டு வருஷக் காலேஜுக்குப் போய், அங்கிருந்து எத்தனையோ பயிற்சியாளர்களுக்கு எழுதி, கடைசியில் வயோமிங் சர்வகலாசாலையில் இடம் கிடைத்தது. 2018-ல் தேர்வில் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டு, 2024-ம் வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரரானார்.

மூன்றாவது, ஒருவனைப் பார்த்து ஒருவன் செய்வது. பெரிய சர்வகலாசாலை ஒன்று ஒரு பையனை அழைத்தது என்று தெரிந்தவுடனே அவன் நட்சத்திரம் கூடுவதுண்டு. நட்சத்திரம் கூடியதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் அழைப்பார்கள். "அவர்கள் அழைத்ததால் இவன் பெரியவன், இவன் பெரியவனாதலால் அவர்கள் அழைத்தார்கள்" என்றால் இதில் புத்திக்கு எங்கே இடம்?

நான்காவது, கண்ணை மூடிக் கொள்வது. இதுதான் மிகக் கொடியது. நட்சத்திர ஜாப்தா பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே எழுதாத ஜாப்தா ஒன்று அந்நாட்டில் இருந்தது. தென் மாகாணங்களின் பெரிய சர்வகலாசாலைகள் கறுப்பர் பிள்ளைகளைக் கோஷ்டியில் சேர்ப்பதேயில்லை. அவர்களில் திறமை இல்லையா? லூயீசியானாவில் கறுப்பர்களுக்கென்று இருந்த கிராம்ப்ளிங் காலேஜில் எடி ராபின்சன் என்ற பயிற்சியாளர் 200-க்கு மேற்பட்டவர்களைத் தொழிலாட்டத்துக்குத் தயார் செய்து அனுப்பினார். அவர்களில் டேங்க் யங்கர் 1949-ல் தொழில் கோஷ்டியில் சேர்ந்து, அப்படிப்பட்ட காலேஜிலிருந்து போன முதல் ஆளானார். அலபாமா சர்வகலாசாலை ஒரு கறுப்பு ஆட்டக்காரருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தது 1970-ல்தான். அவர் பெயர் வில்பர் ஜாக்சன். அதே வருஷம் செப்டம்பர் 12-ந் தேதி பர்மிங்ஹாம் நகரில் தெற்குக் கலிபோர்னியாக் கோஷ்டி வந்து அலபாமாவை 42-க்கு 21 என்று தோற்கடித்தது. சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பு வாலிபர் 135 கெஜம் ஓடினார். அந்த ஒரு நாள் ஆட்டத்தால்தான் அலபாமா மனம் மாறிற்று என்று கதை கட்டிச் சொல்லுவார்கள். அது சரியல்ல; ஜாக்சனை அதற்கு முன்பே சேர்த்தாய்விட்டது. ஆனால் அந்த ஆட்டம் ஒரு விஷயத்தை எல்லோர் கண்ணுக்கும் முன் வைத்தது. இத்தனை வருஷமாக அவர்கள் பார்க்காமல் விட்டது எப்பேர்ப்பட்ட ஆட்டம் என்பதே அது.

மிசிசிப்பியில் வால்டர் பேட்டன் 1971-ல் ஹைஸ்கூல் முடித்தபோது தென் மாகாணப் பெரிய சர்வகலாசாலைகள் அவரைச் சீண்டவில்லை. கறுப்பர் ஸ்தாபனமான ஜாக்சன் ஸ்டேட்டில் சேர்ந்தார். 1987-ல் ஆட்டத்தை விட்டபோது பந்தோடு ஓடிய தூரம் 16,726 கெஜம். அன்றைக்கு அவ்வளவு ஓடியவர் வேறொருவரும் இல்லை. இங்கே விட்டுப்போனதற்கு அளக்கத் தெரியாமை காரணமல்ல. அளக்க மனமில்லாமையே காரணம்.

தோழர்களே! இன்னொரு முக்கியமான விஷயத்தை யோசித்துப் பாருங்கள். நாம் இதுவரை சொன்ன பெயர்களெல்லாம் யாருடையவை? முதலில் விடப்பட்டு, பின்னால் எப்படியோ அகப்பட்டுக் கொண்டவர்களுடையவை. ஆகவே இவர்கள் உண்மையில் விட்டுப்போனவர்களல்லர். உண்மையில் விட்டுப்போனவனுக்குப் பெயர் இல்லை. வேறொருவனைப் பார்க்க வந்த பயிற்சியாளர் கண்ணில் படாதவன், கடிதம் எழுதத் தபால் விலாசம் தெரியாதவன், "உனக்கு நட்சத்திரம் இல்லை" என்றதும் தனக்குத் திறமையே இல்லை என்று தானே நம்பிவிட்டவன், எங்கேயோ மூட்டை தூக்கிக் கொண்டிருப்பான். "கடைசியில் திறமை வெளியே வந்தே தீரும்" என்று சிலர் வேதாந்தம் பேசுகிறார்கள். வெளியே வந்ததை மாத்திரம் எண்ணிவிட்டு, எல்லாம் வந்துவிட்டது என்று சொல்வது எந்தக் கணக்கு?

மேலும், இதுவரை தப்பியவர்கள் தப்பியது கொல்லைப்புற வாசலால். ஜே.ஜே. வாட் என்பவர் 2 நட்சத்திரக்காரர். முதலில் சேர்ந்த சர்வகலாசாலையை விட்டு, உபகாரச் சம்பளமில்லாமல் தன் செலவிலேயே விஸ்கான்சின் கோஷ்டியில் போய் ஒட்டிக் கொண்டார். இடையில் வீடு வீடாகப் பீட்ஸா கொண்டு போய்க் கொடுக்கும் வேலை செய்தார். பின்னால் தொழிலாட்டத்தில் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற பட்டத்தை 2012, 2014, 2015-ல் மூன்று தடவை பெற்றார். பேக்கர் மேஃபீல்டும் அப்படித் தன் செலவில் நுழைந்தவரே. 2018-ல் முதலாவதாக எடுக்கப்பட்டார்.

அந்த வாசல் இப்போது குறுகுகிறது. முன்பு 85 பேருக்கே உபகாரச் சம்பளம் என்றாலும், தன் செலவில் வருகிறவர்களுக்குக் கண்டிப்பான எல்லை இல்லை. 2025-ல் ஏற்பட்ட கோர்ட்டு ராஜியின்படி, அதில் சேர்ந்த சர்வகலாசாலைகள் மொத்தம் 105 பேருக்கு மேல் வைத்துக் கொள்ளக் கூடாது. அந்த 105 பேருக்கும் உபகாரச் சம்பளம் தரலாம் என்பது லாபம். ஒட்டிக் கொண்டு காத்திருந்து வளருகிறவனுக்கு இடம் போயிற்று என்பது நஷ்டம். அல்லாமலும் 2021 முதல் ஒரு காலேஜ்க்காரன் ஒரு வருஷம் சும்மா உட்காராமலே இன்னொரு காலேஜுக்கு மாறலாம். வார்ட் போன்றவர்கள் மேலேறியது இதனாலேதான், அது நல்லது. ஆனால் மூன்று வருஷம் ஆடிப் பழகியவன் கிடைக்கும்போது ஹைஸ்கூல் பையனுக்கு எந்தப் பயிற்சியாளர் காத்திருப்பார்? பல வாசல்கள் திறந்திருந்தபோது ஜாப்தாவின் தப்பு சின்னத் தப்பு. வாசல்கள் அடைபட அடைபட அதே தப்பு ஒரு பிள்ளையின் ஆயுள் முழுவதும் நீளும் தப்பாகிறது.

ஆகையால் ஜாப்தாவைக் கொளுத்து என்று நாம் சொல்லவில்லை. பார்க்க ஆரம்பிக்கும் இடமாக அது இருக்கட்டும். பார்த்து முடித்த இடமாக இருக்க வேண்டாம். சிற்றூர்களுக்கு ஆள் போகட்டும். பதினாறு வயதில் பார்த்தவனைப் பதினெட்டிலும் பார்க்கட்டும். வருஷா வருஷம் பலித்ததைப் பறையடிக்கிறவர்கள் பலிக்காததையும் அதே எழுத்தில் அச்சடிக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பையனிடம் "நாங்கள் உன்னை இன்னும் பார்க்கவில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "உன்னிடம் ஒன்றுமில்லை" என்று சொல்லாதிருக்கட்டும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பிள்ளையின் வாழ்வே அடங்கியிருக்கிறது.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக் கொள்ள வேண்டாம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள்.