மறைத்த நோயும் மறைந்திருந்த நோயும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பொகவந்தலாவையிலே பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்து, இன்று பல்கலைக்கழகத்தில் மாணவனாயிருக்கும் என்னை இச்சபையிலே பேசப் பணித்தீர்கள். இளைஞரும் ஒழுக்கமும் என்பது போன்ற ஒரு பொருளை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டதோ, நோய் காரணமாகப் பட்டாளத்திலிருந்து விலக்கப்பட்ட சிப்பாய்களின் கதை. நம்மவரில் பட்டாளத்துக்குப் போகிறவர் மிகச் சிலரே. ஆனால் மத்திய கிழக்குக்குப் போகிறவருக்கும், கொழும்பிலே காவல் வேலைக்குப் போகிறவருக்கும் மருத்துவச் சோதனை உண்டு, படிவம் உண்டு, அதன் அடியிலே கையெழுத்தும் உண்டு. நம் முன்னோர் பலர் மண்டபம் முகாமிலே நிறுத்தப்பட்டு, உடம்பைக் காட்டி, அம்மை குத்திக்கொண்டுதான் இந்த மலைக்கு வந்தார்கள். உடம்பைச் சோதித்து வேலை கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

கர்ணன் கதையை நீங்கள் அறிவீர்கள். 1964ஆம் ஆண்டு வந்த படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் இங்கே இருப்பார்கள். பரசுராமர் க்ஷத்திரியருக்கு அஸ்திர வித்தை கற்பிப்பதில்லை என்ற உறுதியுடையவர். கர்ணன் தன்னை அந்தணன் என்று சொல்லி அவரிடம் சேர்ந்தான். ஒருநாள் குரு அவன் மடியிலே தலைவைத்து உறங்குகையில் வண்டொன்று அவன் தொடையைத் துளைத்தது. குருவின் உறக்கம் கலையுமே என்று அவன் அசையவில்லை. இரத்தத்தின் ஈரம் பட்டு விழித்தவர், இவ்வளவு வேதனையை ஓர் அந்தணப் பிள்ளை தாங்கமாட்டான், இவன் க்ஷத்திரியனே என்று கண்டுகொண்டார். கற்ற அஸ்திரம் வேண்டிய வேளையிலே மறந்துபோகும்படி சபித்து அனுப்பிவிட்டார்.

இதிலே இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. அந்தணன் என்று அவன் சொன்னது பொய். அது அவனுக்குத் தெரியும். க்ஷத்திரியன் என்பதோ அவனுக்கே தெரியாது. தேரோட்டி மகன் என்றே தன்னை எண்ணியிருந்தான். அவன் சாபம் பெற்றது சொன்ன பொய்க்கா, அறியாத பிறப்புக்கா? குரு பிரித்துப் பார்க்கவில்லை. மனிதன் மறைத்த நோய் வேறு, மனிதனுக்குள் மறைந்திருந்த நோய் வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கச் செய்வதற்கு ஓர் ஏழைச் சிப்பாய் 19 ஆண்டுகள் காத்திருந்தார்.

தரம்வீர் சிங் என்பது அவர் பெயர். 1985ஆம் ஆண்டு ஜூன் 15ஆந் திகதி இந்தியத் தரைப்படையின் சிக்னல்ஸ் பிரிவிலே சேர்ந்தார். சேரும்போது சோதனை நடந்தது; நோய் எதுவும் ஏட்டிலே பதியப்படவில்லை. ஏறக்குறைய 9 ஆண்டு சேவைக்குப் பின் வலிப்பு கண்டது. நாம் காக்காய் வலிப்பு என்கிறோமே, அதுதான். வைத்திய சபை கூடியது. ஊனம் 20 சதவீதம் என்றது. பட்டாளச் சேவைக்கும் இந்நோய்க்கும் சம்பந்தம் இல்லை என்றும் எழுதியது. 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆந் திகதி அவர் விலக்கப்பட்டார்.

அந்தச் சம்பந்தம் இல்லை என்ற சொற்களின் விலையைக் கேளுங்கள். சேவையால் வந்த நோய், அல்லது சேவையால் முற்றிய நோய், 20 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் விளைத்தால் ஊன ஓய்வூதியம் உண்டு. சம்பந்தம் இல்லை என்றால் அது இல்லை. சிப்பாய்க்குச் சாதாரண ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டு சேவை வேண்டும், இவருக்கோ 9. வேலையும் போயிற்று, நோயும் நின்றது. வழக்காடினார். உயர் நீதிமன்றத்திலே ஒரு நீதிபதி அவர் பக்கம் தீர்த்தார். மேலமர்வு அதைத் தள்ளிவிட்டது. கடைசியாக 2013ஆம் ஆண்டு ஜூலை 2ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் ஓய்வூதியம் கொடுக்கும்படி தீர்ப்புச் சொல்லிற்று.

தீர்ப்புக்கு அடிப்படையாயிருந்தவை 1982ஆம் ஆண்டின் விதிகள். சேர்க்கும்போது குறித்துவைத்த குறை தவிர, மற்றபடி அவன் சுகதேகியாகவே வந்தான் என்று கொள்ளவேண்டும். நோய் முன்னமே இருந்தது என்று சொல்லும் பொறுப்புச் சிப்பாய்க்கு இல்லை, சர்க்காருக்கு. ஐயம் எழுந்தால் அதன் பயன் சிப்பாய்க்கு. நோய் உள்ளே இருந்தது, ஆனால் சேர்க்கும்போது கண்டுபிடித்திருக்க முடியாது என்று வைத்தியர்கள் கருதினாலோ, காரணத்தை எழுத்தில் வைக்கவேண்டும். தரம்வீர் சிங் வழக்கிலே வைத்திய சபை காரணம் ஒன்றையும் எழுதவில்லை. வலிப்போ எந்த வயதிலும் தொடங்கக்கூடியது. தலையிலே பட்ட அடியாலும் வரும், மூளைக் காய்ச்சலாலும் வரும். உறக்கம் கெட்டால் தூண்டப்படும். இரவு பகல் என்று பாராத பட்டாள வாழ்க்கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு வரியிலே முடித்துவிட முடியுமா? 2015ஆம் ஆண்டிலே வேறு சில சிப்பாய்களின் வழக்குகளையும் ஒன்றாகக் கேட்டு, அந்நீதிமன்றம் இதே வழியில் தீர்த்தது. அவ்விதிகள் பின்னர் 2008லும் 2023லும் திருத்தி எழுதப்பட்டன. ஆதலால் புதிதாய்ச் சேர்பவர் பழைய தீர்ப்பை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

நிற்க. பட்டாளத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. வலிப்பு உள்ளவன் கையிலே லொறியின் சுக்கானைக் கொடுத்தால், பின்னால் இருக்கும் இருபது பேரின் உயிருக்கு யார் பிணை? இந்தியத் தரைப்படைச் சட்டம் 1950ஆம் ஆண்டினது. சேரும்போது கேட்ட கேள்விக்கு வேண்டுமென்றே பொய்யான விடை சொன்னவனுக்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கலாம் என்கிறது அதன் 44ஆம் பிரிவு. வேண்டுமென்றே என்ற சொல்லைக் கவனியுங்கள். பரசுராமர் கேளாத கேள்வி அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

பணக்காரன் மறைத்தால் கதை வேறாகிவிடுகிறது. அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ஜோன் கென்னடிக்கு இளமை முதலே முதுகு நோவும் வயிற்று நோயும் இருந்தன. 1941ஆம் ஆண்டிலே முதலில் தள்ளப்பட்டார். பின்பு தந்தையாரின் செல்வாக்கினால், ஒரு நோயும் இல்லாதவர் போலச் சோதனையில் தேறிக் கடற்படையிலே சேர்ந்தார். 1943 ஆகஸ்டிலே அவருடைய படகை ஜப்பானியக் கப்பல் மோதிப் பிளந்தபோது, காயம்பட்ட மாலுமி ஒருவரின் மிதவைச் சட்டை வாரைப் பல்லால் கவ்வி இழுத்துக்கொண்டே நீந்திக் கரை சேர்த்தார். 1945 மார்ச்சில் உடல்நலக் குறைவால் ஓய்வு பெற்றார்; 1961இலே ஜனாதிபதியானார். அவர் வீரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே நோவை நம் பையன் ஒருவன் மறைத்திருந்தால் வரலாறு அவனை எப்படி எழுதியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்த நாட்டிலேயே 2022 முதல் ஆட்சேர்ப்பு நிலையங்களில் மின்னணு மருத்துவ ஏடுகளைப் பார்க்கிறார்கள். சிறுவயதில் வாங்கிய மருந்துகூட அதிலே வந்து நிற்கும். மறைப்பது அங்கே எளிதாயில்லை.

மிஷன் பள்ளிக்கூடத்திலே கிதியோன் கதை சொல்லித் தந்தார்கள். 32,000 பேர் போருக்குத் திரண்டு நின்றபோது, பயமுள்ளவன் வீட்டுக்குப் போகலாம் என்று முதலிலேயே அறிவிக்கப்பட்டது. 22,000 பேர் திரும்பிப் போனார்கள். அவர்களுக்குத் தண்டனையும் இல்லை, வசையும் இல்லை. ஆசிரியர் அந்தக் கதையைச் சொன்னது மீதி 300 வீரருக்காக. எனக்கோ இப்பொழுது அந்த 22,000 பேர்தாம் நினைவுக்கு வருகிறார்கள். உண்மையைச் சொன்னவன் பசியோடு திரும்பவேண்டும் என்று இருந்தால், அவன் சொல்வானா?

பெரியோர்கள் கோபிக்கக்கூடாது, நம் லயங்களிலும் ஒன்று நடக்கிறது. பிள்ளைக்கு வலிப்பு வந்தால் கையிலே இரும்பைக் கொடுக்கிறோம்; பேய் பிடித்தது என்கிறோம்; பெண் பிள்ளையென்றால் கலியாணம் தடைப்படும் என்று அடுத்த காம்பிராவுக்கும் தெரியாமல் மூடிவிடுகிறோம். சிறு குழந்தைக்குக் கடுங்காய்ச்சலில் வரும் வலிப்பு பெரும்பாலும் வளர்ந்தபின் தொடர்வதில்லை. தொடரும் வலிப்பும் ஒழுங்காக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேருக்கு வராமல் நிறுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டிக்கோயா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் மருந்தும் கிடைக்கும், கிளினிக் கொப்பியும் கிடைக்கும். கொண்டுபோகாவிட்டால் பையனுக்குத் தன் நோயே தெரியாமல் போகிறது. இருபது வயதிலே படிவத்தில் இல்லை என்று எழுதுகிறான். அவன் அறிந்த அளவில் அது உண்மை. வீட்டார் மறைத்தது அவன் மறைத்ததாய் வந்து முடிகிறது.

இன்னொன்று, படிவத்தின் பாஷை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட கடதாசியைத் தரகர் நிரப்பிக்கொடுக்க, நம் பையன் அடியிலே ஒப்பமிடுகிறான். வலிப்பு உண்டா, காசம் உண்டா, சத்திரசிகிச்சை நடந்ததா என்ற வரிசைக்கு நேரே எல்லாவற்றுக்கும் இல்லை என்று கோடு இழுத்திருக்கும். அது இன்னொருவன் சொன்ன விடை, கையெழுத்து இவனுடையது. பிரதி ஒன்றுகூட இவன் கையில் இராது. உன்னை நோயாளி என்று விலக்குகிறோம் என்று சொல்லும்போது காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று கேட்கவும் அவனுக்குத் தெரியாது.

ஆகவே சங்கத்து நிர்வாகிகளிடம் ஒரு விண்ணப்பம். ஞாயிறு மாலையிலே நம் வாசிகசாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். பல்கலைக்கழகம் மீண்டும் திறக்கும் வரைக்கும் நானும் இன்னும் இரண்டு நண்பர்களும் வந்திருப்போம். வேலைப் படிவத்தைக் கொண்டுவருகிறவர்களுக்கு, கையெழுத்து வைப்பதற்கு முன், ஒவ்வொரு கேள்வியையும் தமிழிலே வாசித்துச் சொல்வோம். வரும்போது தாயையோ தகப்பனையோ கூட்டி வரட்டும். சிறுவயதில் நடந்தது அவர்களுக்குத்தான் தெரியும். கிளினிக் கொப்பி வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வரட்டும்.