குளியலறையில் வெந்நீர் வராவிட்டால்

தோட்டத்து லயங்களில் வெந்நீர் போட மூன்று கல்லும் ஒரு மண்ணெண்ணெய் டின்னும் போதும். கீழே ரப்பர் விறகு எரியும். பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும், வயதானவர்களுக்கும்தான் அந்த வெந்நீர். டின் ஓட்டையானால் வேறொரு டின், பழுது தீர்ந்தது.

இன்று தாமான் வீடுகளிலும், கேமரன் மலை போன்ற குளிர்ந்த ஊர்களிலும் குளியலறைச் சுவரில் ஒரு சிறிய பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. அதைத்தான் வாட்டர் ஹீட்டர் என்கிறோம். அது மக்கர் செய்தால் நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்குக் கை சும்மா இருப்பதில்லை. உடனே திருப்புளியைத் தேடுவார்கள். அதை எடுக்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். இந்தப் பெட்டிக்குள் தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. தண்ணீர்ப் பக்கத்துப் பழுதை நாம் பார்க்கலாம். மின்சாரப் பக்கத்துப் பழுதில் கை வைக்கக் கூடாது.

முதலில் தண்ணீர்ப் பக்கம். போதுமான வேகத்தில் தண்ணீர் ஓடினால்தான் பெட்டிக்குள் உள்ள விசை சூடேற்றியை இயக்கும். வேகம் குறைந்தால் அது இயங்காது. ஆகவே, விளக்கு எரிகிறது, தண்ணீரும் வருகிறது, ஆனால் சூடில்லை என்றால் தண்ணீரின் வேகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். சற்று நேரம் சூடாகவும் சற்று நேரம் பச்சைத் தண்ணீராகவும் மாறி மாறி வருகிறதா? அதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். குறைந்த தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகிறது; காப்பு விசை மின்சாரத்தை நிறுத்துகிறது; ஆறியதும் மறுபடி விடுகிறது.

இதற்குப் பரிகாரம் எளிது. சுவிட்சை அணைத்து, மின்பெட்டியில் அதற்குரிய விசையையும் இறக்கிவிட்டு, தண்ணீரை அடைத்துக்கொள்ளுங்கள். பூவாளித் தலையைக் கழற்றி, துருவும் மணலும் அடைத்த துளைகளை ஊசியாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் உள்ளே நுழையும் குழாயில் சிறு வலை வடிகட்டி இருக்கும். பெட்டியின் மூடியைத் திறக்காமலே அதை எடுக்க முடிந்தால் எடுத்துக் கழுவுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். சுத்தம் செய்தும் வேகம் இல்லையென்றால் கூரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். தொட்டி பூவாளிக்கு ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறதென்றால் அழுத்தம் மிகக் குறைவு. பம்பு இல்லாத ஹீட்டர்கள் பலவற்றுக்கு அது போதாது.

இன்னொரு சங்கதி. பூவாளிப் பக்கத்தில் தனியாக ஓர் அடைப்பு வால்வைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. வேண்டாம். தண்ணீரை ஹீட்டருக்கு முன்னே அடைக்க வேண்டுமே தவிர பின்னே அல்ல. பின்னே அடைத்தால் பெட்டிக்குள் அழுத்தம் கூடிப்போகும்.

சிலர், "தண்ணீர் நன்றாக வருகிறது, சூடுதான் போதவில்லை" என்பார்கள். அது பழுதாகவே இல்லாமலும் இருக்கலாம். 3,600 வாட் ஹீட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்றரை லிட்டர் தண்ணீரை 15 பாகை செல்சியஸ் சூடேற்றும். ஏழு லிட்டராகத் திறந்துவிட்டால் பாதிச் சூடுதான் ஏறும். கீழ்நாட்டில் 27 பாகையாக வரும் குழாய்த் தண்ணீர் 42 ஆகும். மலையில் 18 பாகைத் தண்ணீர் 33 தான் ஆகும். குழாயைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ஒரேயடியாகக் குறைத்தால் மேலே சொன்ன தொல்லை வந்துவிடும்.

இனி மின்சாரப் பக்கம். பூவாளியையோ குழாயையோ தொட்டால் கை சுருக்கென்கிறதா? "லேசாகத்தான் இருக்கிறது" என்று குளித்து முடிக்காதீர்கள். கை ஈரமில்லாதபோது வெளியிலிருந்து மின்பெட்டியில் அணைத்துவிடுங்கள். அப்புறம் அந்த ஹீட்டரை யாரும் தொடக் கூடாது.

மின்பெட்டியில் மின்கசிவுத் துண்டிப்பான் என்று ஒன்று உண்டு, பலர் இ.எல்.சி.பி. என்பார்கள். மின்சாரம் கசிந்தால் அது கண நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். ஹீட்டருக்கென்று தனியாக 10 மில்லி ஆம்பியர் துண்டிப்பான் வேண்டும். பல பழைய வீடுகளில் வீடு முழுவதற்குமாக இருப்பது 100 மில்லி ஆம்பியர் துண்டிப்பான். அந்த அளவு மின்சாரம் உடலில் பாய்ந்தால் இதயத்தையே நிறுத்திவிடக் கூடும்.

ஹீட்டரைப் போடும்போதெல்லாம் துண்டிப்பான் விழுகிறதா? அது கெட்டுவிட்டது என்று சொல்லி, அதை விலக்கி நேராக வயர் கொடுக்கிற கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். வெந்நீர் வரும், வீட்டிலுள்ளோர் உயிருக்கு இருந்த காவல் போய்விடும். கசிவு இருக்கிறது என்று அந்தத் துண்டிப்பான் நமக்குச் சொல்கிறது. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். விழுந்தால் துண்டிப்பான் வேலை செய்கிறது என்று மட்டுமே பொருள். பச்சையும் மஞ்சளும் கலந்த நிலக்கம்பி சரியாக இருக்கிறதா என்பதை மின் கம்பியாளர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

சுவிட்சு கறுத்திருந்தாலும், தீய்ந்த வாடை வந்தாலும் உடனே அணையுங்கள். 3,600 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். அதை 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் உருகத்தான் செய்யும். அதற்குத் தனி வயரும் குளியலறைக்கு வெளியே இருமுனைச் சுவிட்சும் வேண்டும்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் பதறிப்போய் ஓடிப் பிடிக்காதீர்கள், பிடித்தவருக்கும் அடிக்கும். முதலில் மின்பெட்டியில் மெயின் சுவிட்சை இறக்குங்கள். பிறகு 999-க்கு அழையுங்கள்.

வீடு மாறிப்போகிறவர்கள் பழைய ஹீட்டரை மலிவாகத் தருவார்கள். வாங்குவதைத் தவறென்று சொல்லமாட்டோம். ஆனால் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மாட்ட வருகிறவரிடம் சுருஹான்ஜாயா தெனாகா கொடுத்த தகுதிச் சான்றிதழைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்; முறையாகத் தொழில் படித்தவர் கோபித்துக்கொள்ளமாட்டார். பழைய ஹீட்டரோடு பழைய வயரையும் சேர்த்துக் கொடுத்தால் ஹீட்டரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.