மறுதேர்வு மதிப்பெண்ணும் மாணவர் முடிவும்

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்போர் எழுதும் எஸ்ஏடி தேர்வை ஒருமுறைக்கு மேலும் எழுத இடமுண்டு என்பதால், இரண்டாம் முறை பெற்ற மதிப்பெண்ணை மட்டும் அனுப்புவதா, முதல் மதிப்பெண்ணையும் சேர்த்து அனுப்புவதா என்னும் குழப்பம் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் நேர்கிறது. காலேஜ் போர்டு என்னும் அமைப்பு நடத்தும் இத்தேர்வு, வாசிப்பும் எழுத்தும் இணைந்த ஒரு பகுதியும் கணிதம் என்னும் மற்றொரு பகுதியும் கொண்டது. ஒவ்வொன்றும் 200 முதல் 800 வரை மதிப்பிடப்படுவதால் மொத்தத்தின் உச்சம் 1600 ஆகும்.

2009 ஆம் ஆண்டில் ‘ஸ்கோர் சாய்ஸ்’ என்னும் வசதி வந்தபின், எந்த நாளில் எழுதிய தேர்வின் மதிப்பெண் கல்லூரிக்குச் செல்லவேண்டும் என்பதை மாணவரே தீர்மானிக்கலாம். ஆயினும் ஒரு நாளின் கணித மதிப்பெண்ணை மட்டும் பிரித்து அனுப்ப இயலாது, இரு பகுதிகளும் சேர்ந்தே செல்லும். முதல் முறை வாசிப்பு எழுத்தில் 650, கணிதத்தில் 700 என 1350 பெற்ற மாணவி, மறுமுறை 620, 760 என 1380 பெற்றதாக வைத்துக்கொண்டால், மொத்தம் கூடிய இரண்டாம் தேர்வை மட்டும் அனுப்பவே அவர் மனம் விரும்பும். ஆனால் பல கல்லூரிகள் ‘சூப்பர் ஸ்கோர்’ முறையைப் பின்பற்றுகின்றன. அதாவது, வெவ்வேறு நாள்களில் எழுதிய தேர்வுகளிலிருந்து ஒவ்வொரு பகுதியின் உயர்ந்த மதிப்பெண்ணையும் எடுத்துக் கூட்டிக்கொள்கின்றன. அத்தகைய கல்லூரிக்கு இரு நாள்களையும் அனுப்பினால் அவருடைய மதிப்பெண் 1410 ஆகும். தாழ்ந்ததென்று அவர் மறைக்க நினைத்த தாளுக்குள்தான் அந்த 30 மதிப்பெண் இருக்கிறது.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் போன்ற சில நிறுவனங்கள் எழுதிய எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்களையும் கேட்கின்றன. அங்கே ஒன்றை மறைப்பது சாதுரியமன்று, விண்ணப்பத்தில் உண்மையைக் குறைத்துரைப்பதே ஆகும். அவ்வாறு மறைக்கத் தூண்டும் அச்சத்துக்கும் பெரிதாக ஆதாரம் இல்லை. ஒரே மாணவர் சற்றே வேறுபட்ட வினாத்தாளை வேறொரு நாளில் எழுதினால் மதிப்பெண் சிறிது ஏறவோ இறங்கவோ செய்யும் என்பதனால்தான், மதிப்பெண் அறிக்கையே ஓர் எண்ணோடு நில்லாமல் அதைச் சுற்றிய ஒரு வரம்பையும் காட்டுகிறது.

இம்முடிவை அவசரப்படுத்தும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. தேர்வு முடிந்த 9 நாள்களுக்குள் குறித்துக் கொடுத்தால் 4 அறிக்கைகள் இலவசமாகச் செல்லும், ஆனால் அப்போது மதிப்பெண் வெளியாகியிருக்காது. பிறகு அனுப்பினால் ஒவ்வோர் அறிக்கைக்கும் கட்டணம் செலுத்தவேண்டும். விண்ணப்பத்தில் மாணவரே மதிப்பெண்ணைக் குறித்தால் போதும், அதிகாரபூர்வ அறிக்கையைச் சேர்க்கை உறுதியானபின் தரலாம் எனப் பல கல்லூரிகள் ஏற்பது இந்தச் சுமையைக் குறைக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கை முடிவில் எஸ்ஏடியைக் கருதுவதே இல்லை. எம்ஐடி பெருந்தொற்றுக் காலத்தில் கைவிட்ட தேர்வு நிபந்தனையை 2022 இல் மீண்டும் கொண்டுவந்தது. ஆகவே ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் தனித்தனியே படிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே முடிவெடுப்பது தவறு.

எதை அனுப்புவது என்னும் இந்தக் கவலைகூட எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது. ஜோஷுவா குட்மன், ஓடெட் குரான்ட்ஸ், ஜொனதன் ஸ்மித் ஆகியோர் 2020 இல் வெளியிட்ட ஆய்வின்படி, தேர்வெழுதுவோரில் பாதிப்பேரே மறுமுறை எழுதுகின்றனர், வருவாய் குறைந்த குடும்பத்தாரிடையே அவ்விகிதம் இன்னும் குறைவு. ஆனால் மறுதேர்வால் நான்காண்டுக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு அவர்களுக்கே மிகுதியாகக் கூடுகிறது. அத்தகைய மாணவர்க்குக் காலேஜ் போர்டு வழங்கும் கட்டண விலக்கின்கீழ் இரண்டு முறை இலவசமாகத் தேர்வெழுதலாம், எத்தனை கல்லூரிகளுக்கும் கட்டணமின்றி அறிக்கை அனுப்பலாம். எனவே மதிப்பெண் தெரியுமுன்பே கல்லூரிகளைக் குறித்துக் கொடுக்கவேண்டிய நெருக்கடியும் அவர்களுக்கு இல்லை.