நிலவில் நீரைக் கண்ட ஒளிக்கருவி



வேறோர் உலகின் மண்ணில் என்ன வளம் உள்ளது என்பதை, அங்கே மண்வெட்டி கொண்டு செல்லாமலேயே அறிய முடியுமா? முடியும் என்பதை 2009ஆம் ஆண்டில் ஒரு சிறு கருவி மெய்ப்பித்தது. அதனைப் பற்றி இன்று சிந்திப்போம்.

நாம் சேகரிக்கும் மரப்பாலில் நீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்பதை வெறுங்கண்ணால் கூற இயலாது. இரண்டும் கலந்து வெண்மையாகவே தோன்றும். ஆகவேதான் அளந்து பார்க்கிறோம். நிலவின் மண்ணும் அத்தகையதே. எங்கு நோக்கினும் சாம்பல் நிறம்.

ஆயினும், கதிரவனின் ஒளி ஒரு பொருளின்மீது படும்பொழுது, அப்பொருள் ஒளியின் சில கூறுகளை ஈர்த்துக்கொண்டு எஞ்சியவற்றைத் திருப்பி அனுப்புகிறது. ஈர்க்கப்படும் கூறு பொருளுக்குப் பொருள் வேறுபடும். நீரின் அடையாளம், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியில், ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அமைந்துள்ளது.

இத்தகைய அடையாளங்களைப் படித்து நிலவின் கனிமங்களைப் படமாக வரைய, அமெரிக்க அறிஞர்கள் ஒரு கருவியை வடிவமைத்தனர். அதன் எடை பத்துக் கிலோவுக்கும் குறைவு. வெப்பமே அவர்களுக்குப் பெருஞ்சிக்கலாயிற்று. வெப்பமுள்ள பொருள் தானே அகச்சிவப்பு ஒளியை உமிழும். கருவியே சூடானால், தேடும் ஒளி அதில் மறைந்துவிடும். எனவே ஒளியை உணரும் பகுதியைக் கடுங்குளிரில் வைத்திருக்க வழி செய்தனர்.

2008 அக்டோபர் 22ஆம் நாள், இந்தியாவின் சந்திரயான்-1 விண்கலம் இக்கருவியைச் சுமந்து புறப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநர், பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடி என்னும் சிற்றூரில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை அவர்கள்.

நீரின் அடையாளம் தென்பட்டபோது அறிஞர்கள் உடனே கொண்டாடிவிடவில்லை. 1969 முதல் 1972 வரை மனிதர் கொணர்ந்த நிலவுக் கற்கள் வறண்டவை என்றே கருதப்பட்டு வந்தன. கருவியின் பிழையோ என ஐயுற்று, வேறு இரு விண்கலங்களின் தகவல்களோடு ஒப்பிட்டனர். மூன்றும் ஒத்திருந்தன. அதன் பின்னரே, 2009 செப்டம்பரில், உலகுக்கு அறிவித்தனர்.

அங்கே ஓடையோ குளமோ இல்லை. மண்ணோடு ஒட்டிய மிகச் சிறிதளவு நீரும், நீருக்கு நெருங்கிய ஹைட்ராக்சிலுமே காணப்பட்டன. விண்கலத்தின் தொடர்பு 2009 ஆகஸ்டிலேயே அறுந்துவிட்டது. எனினும் அது அனுப்பிய தகவல் வீணாகவில்லை. அதனையே மீண்டும் ஆராய்ந்து, துருவங்களில் வெயில் படாத பள்ளங்களில் பனிக்கட்டி இருப்பதை 2018இல் உறுதிசெய்தனர்.

இதனால் என்ன பயன் என வினவலாம். நீரைப் பிரித்தால் உயிர்வளியும் நீர்வாயுவும் கிடைக்கும். முன்னது மூச்சுக்கு உதவும். இரண்டும் சேர்ந்து ராக்கெட்டுக்கு எரிபொருளாகும். பூமியிலிருந்து ஒவ்வொரு குடமாகச் சுமந்து செல்ல வேண்டியதில்லை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். கருவி காட்டியதையும் தீர விசாரித்த அறிஞர்களின் இப்பண்பை நம் பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்போமாக.